அட்டை கட்டியிருந்தான் சவரி

காவிரித் தண்ணீர்த் தகராறில் பஸ்கள் கர்நாடக எல்லையில் ஜூஜூவாடியோடு நின்றுபோய், சனங்கள் மூட்டையையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு அத்திப்பள்ளிக்கு நடந்த வருடம் உங்களில் பல பேருக்கு நினைவிருக்கும். அதே வருடம், அந்தக் கலாட்டா அடங்கிக் கொஞ்ச நாளில் ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில், ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று வாசலில் இன்னும் முழுசாகக் காயாத ஒரு நாளில், சிப்காட்டுக்குப் போகும் ரோட்டில் இருந்த எங்கள் கார் பட்டறையில் ஒரு ஏர்பேக் வெடித்தது. எலக்ட்ரீசியன் சவரியப்பனுக்கு வலது காது போயிற்று. பாட்டரியைக் கழற்றியவன் அதில் அட்டை கட்ட மறந்துவிட்டான், அதனால் வந்த வினை என்று ஓசூர் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரியும். ஒன்பது வருடமாகத் தெரியும்.

அந்தச் சவரி போன மாதம் பர்கூர் பக்கம் தன் சொந்த ஊரில் செத்துப்போனான். சேதி எனக்குப் போனில்தான் வந்தது. நம் சங்கத்துக் குழுவில் அவன் போட்டோவைப் போட்டு, கீழே நிறைய எழுதியிருந்தார்கள். எனக்கு எழுத்து தெரியாது. இதை நான் சங்கத்தில் சொல்வது இதுதான் முதல் தடவை. ஆனால் போட்டோவைச் சுற்றி மாலை வரைந்திருந்தது. மாலையைப் படிப்பதற்குப் பள்ளிக்கூடம் வேண்டாம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ ஆறிப்போனதைக் கடைக்காரர்தான் சொன்னார்.

சங்கத்தில் அவன் படத்தோடு ஒரு தாள் அச்சடிக்கப் போவதாகவும், கூட வேலை செய்தவன் என்பதால் நாலு வார்த்தை சொல்லும்படியும் கேட்டீர்கள். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நாலு வார்த்தையில் முடியாது. சவரி எனக்கு இளையவன், அதனால் அவன் இவன் என்றுதான் வாயில் வருகிறது. அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பட்டறையில் அப்போது நாலே பேர். முதலாளி பசவராஜ், வீட்டில் கன்னடம், கோபத்தில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். தகரம் தட்டும் டிங்கர் வேலைக்கு ஷபீர். எலக்ட்ரிக்கல் வேலைக்குச் சவரி. ஏசிக்கு நான். வேப்பனப்பள்ளியில் மாந்தோப்புக் காவலுக்கு இருந்தவன், பிழைப்புக்கு ஓசூர் வந்து, குளிர்சாதனப் பெட்டிக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, அங்கிருந்து கார் ஏசிக்கு வந்தவன். கேஸ் அழுத்தம் காட்டும் கேஜில் எண்ணைப் பார்க்க மாட்டேன், முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். நீலக் குழாய், சிவப்புக் குழாய், இஞ்சின் சத்தம், குழாயில் வேர்க்கும் வேர்வை, இது போதும் எனக்கு. வேலை விவரம் எழுதிய ஜாப் கார்டை யாராவது நீட்டினால் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்து, "கண்ணாடி கொண்டாரல, நீயே சொல்லிடு" என்பேன். முப்பது வருடம் அந்த ஒரு வார்த்தையை வைத்தே ஓட்டினேன். கண்ணாடி போடும் வயசு வருவதற்கு முன்னாலேயே அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

சவரியின் வேலையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஸ்டியரிங்கோ டேஷ்போர்டோ கழற்ற வேண்டும் என்றால் முதலில் சாவியை அணைப்பான், பாட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுவான், அப்புறம் எதிர்க் கடைக்குப் போய் டீ குடிப்பான். ஒரே மிடறில் குடித்துவிட்டு வர மாட்டான். ஏர்பேக் பெட்டிக்குள் கொஞ்சம் கரண்ட் தங்கியிருக்கும், அது வடிய வேண்டும், அதற்கு ஒரு டீ நேரம் என்பது அவன் கணக்கு. "அவசரமா இருந்தா ரெண்டு டீ குடிக்கணும்" என்பான். ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரில் டெஸ்ட் லாம்ப் வைக்க விட மாட்டான், மீட்டர் முள்ளையும் வைக்க விட மாட்டான். கழற்றிய ஏர்பேக்கைத் தூக்கிக்கொண்டு போகும்போது அதன் முகம் வெளியே பார்த்திருக்கும், அவன் வயிற்றைப் பார்த்திருக்காது. பெஞ்சில் வைத்தாலும் முகம் மேலே. ஷபீர் ஒரு நாள் தெரியாமல் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

"ஏம்பா ஷபீர், அது வெடிச்சா பை மட்டும் போவாது, பெட்டியே ராக்கெட் மாதிரி கிளம்பும். மேல ஷீட்டு, நடுவுல உன் தாடி. எத முதல்ல எடுக்கட்டும் அது?" என்றான் சவரி.

"தாடிய விட்டுடச் சொல்லுணா, நிக்காஹ் வருது" என்றான் ஷபீர். அவனுக்கு அப்போதே மூன்று பிள்ளைகள்.

இப்படிப்பட்டவன் அட்டை கட்ட மறந்தான் என்று ஒன்பது வருடம் நம்பினீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. அவனே அப்படித்தான் சொன்னான்.

அன்றைக்கு வந்தது ஒரு வெள்ளைக் கார், பெங்களூருக்குச் சவாரி ஓடும் வண்டி. ஏசியில் கேஸ் நிற்கவில்லை. பார்த்தால் உள்ளே கூலிங் காயிலில் ஓட்டை. அதை எடுக்க டேஷ்போர்டு மொத்தமும் இறங்க வேண்டும். டேஷ்போர்டு இறங்க, பக்கத்து சீட்டுக்காரருக்கான ஏர்பேக் கழல வேண்டும். அதனால் ஒரே வண்டியில் உள்ளே சவரி, வெளியே நான். கேஸை நான் மெஷினில் உறிஞ்சி எடுத்து முடித்த பிறகு, சவரி மைனஸைக் கழற்றி, ஒரு அட்டையை அந்த ஒயரில் நூலால் கட்டி, டீக்கும் போய் வந்து, உள்ளே படுத்துவிட்டான். ஸ்டியரிங் பூட்டு விடவேண்டும் என்று சாவியைத் திருப்பி வைத்திருந்தான். பாட்டரிதான் இல்லையே, சாவி திரும்பியிருந்தால் என்ன? அந்த வண்டி எப்போதோ எங்கேயோ இடித்து, யாரோ அரைகுறையாகச் சரி செய்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் ஒயரை நறுக்கி, முறுக்கி, டேப் சுற்றி விட்டிருந்தார்கள். சவரி அந்த டேப்பைத்தான் பிரித்துக்கொண்டிருந்தான்.

நான் முன்பக்கம் காற்றாடி மோட்டார் மாற்றினேன். மாற்றினவனுக்கு அது சுற்றுகிறதா என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. பானெட் தூக்கியிருந்ததால் காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. அவன் படுத்திருந்ததால் தலையும் தெரியவில்லை. டீக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பார்த்தேன், மைனஸ் ஒயர் கழன்று கிடந்தது. அதில் ஒரு அட்டை தொங்கியது. எங்கள் பட்டறையில் கழற்றிய சாமான் எந்த வண்டியுடையது என்று நம்பர் எழுதி அட்டை கட்டுவது வழக்கம். இதுவும் வண்டி நம்பர் அட்டைதான் என்று நினைத்தேன். தொலைந்துவிடக் கூடாது என்று அவிழ்த்துப் பத்திரமாக என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஸ்பேனரை எடுத்து டெர்மினலை இறுக்கினேன்.

அந்தச் சத்தத்தை நான் எதற்கும் ஒப்பிட்டுச் சொல்ல விரும்பவில்லை. காரின் கதவுகள் நாலும் திறந்தே இருந்தன, அதிலிருந்து வெள்ளைப் பொடி புகையாக வந்தது. ஷபீர்தான் முதலில் ஓடினான். சவரியைக் காலைப் பிடித்து இழுத்தோம். காதிலிருந்து ரத்தம், வலது கையில் தோல் வெந்திருந்தது. அவன் கண் மட்டும் திறந்திருந்தது. என் முகத்தைப் பார்த்தான், அப்புறம் என் சட்டைப்பையைப் பார்த்தான். அட்டையின் நூல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

பசவராஜ் ஓடிவந்து பாட்டரியைப் பார்த்தார். "ஏனய்யா சவரி, பாட்டரில அட்டை கட்டலியா நீ? இன்னிக்கு எங்க போச்சு புத்தி?" என்று கத்தினார். காது கேட்காதவனிடம் கத்துகிறோம் என்று அவருக்கு அப்போது தெரியவில்லை. சவரி அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

"கட்டல சார். மறந்துட்டேன்" என்றான்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு அது உறைக்கவில்லை. பையில் இருப்பது வண்டி நம்பர் என்றே அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வீட்டில் சட்டையைக் கழற்றும்போது அட்டை கையில் தட்டுப்பட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வண்டி நம்பருக்கு இத்தனை வரி வராது என்று அப்போதுதான் பட்டது. யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது? படிக்கச் சொன்னால் என் குட்டு உடையும். படித்துச் சொன்னால் அதைவிடப் பெரிதாக ஏதோ உடையும் என்று தோன்றிற்று.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பகல் நேரம், வார்டில் கூட்டம். சவரியின் மனைவி பிலோமினா மருந்து வாங்கப் போயிருந்தாள். காதில் பஞ்சு, கையில் கட்டு. என்னைப் பார்த்ததும் இடது பக்கம் வந்து உட்காரச் சொன்னான்.

"அட்டைய எடுண்ணா" என்றான்.

எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"என்னா எழுதியிருக்குது, படி பாக்கலாம்."

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. "கண்ணாடி கொண்டாரல சவரி" என்றேன்.

"கண்ணாடி போட்டுக்கிட்டுதான் உக்காந்திருக்கற" என்றான்.

மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். ஆமாம், போட்டிருந்தேன். அந்த வயசு வரைக்கும் நான் அப்படி அழுததில்லை. பக்கத்துக் கட்டில்காரர் என்னமோ சாவு விழுந்துவிட்டதாக நினைத்து எழுந்து உட்கார்ந்தார். சவரி அட்டையை வாங்கி, எனக்குப் படித்துக் காட்டினான். "பாட்டரி கொடுக்காதே. உள்ளே ஆள் இருக்கிறேன். சவரி." அவ்வளவுதான்.

"முதலாளிகிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா மூணு கேள்வி கேப்பாரு. ஏன் அட்டைய எடுத்த, எழுதினத ஏன் பாக்கல, பாத்தும் ஏன் போட்ட. நீ என்னா பதில் சொல்லுவ? சாயங்காலமே உன்ன அனுப்பிடுவாரு. இந்த வயசுல எந்தப் பட்டறைல உன்ன சேப்பாங்க?"

"அதுக்காக உன் பேரக் கெடுத்துக்குவியா?"

அட்டையைத் திருப்பி என் கையிலேயே வைத்தான். அப்புறம் சொன்னான்: "எழுதினவன் நான்தானே. யாரு படிப்பாங்கன்னு பாக்கல. ஷபீருக்கு உருதும் கன்னடமும்தான் வரும், தமிழு பேசுவான், படிக்க மாட்டான். அவன் வந்து போட்டிருந்தாலும் இதேதான். நம்ம பட்டறைல நாலு பேரு, அதுல ரெண்டு பேருக்குப் புரியாத எழுத்த எழுதிக் கட்டிட்டு, பத்திரமா இருக்கறேன்னு உள்ள படுத்தேன் பாரு, அதுவும் தப்புதான்."

இதை நான் அவனுடைய பெருந்தன்மை என்று சொல்ல வரவில்லை. அவன் அதை அப்படித்தான் நிஜமாகவே யோசித்தான். வேலை என்று வந்தால் அவனுக்குக் கோபத்துக்கு நேரம் இருக்காது, எங்கே ஓட்டை என்றுதான் பார்ப்பான். ஆனால் ஓட்டையில் அவன் பங்கு கால்வாசி. முக்கால்வாசி என்னுடையது. அவன் எழுதிய அட்டை அங்கே இருந்தது. அது என்ன என்று கேட்காமல் எடுத்தவன் நான். கேட்பதற்கு வெட்கப்பட்டவன் நான்.

கையில் தழும்போடு ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தான். அப்போது அவன் கொண்டுவந்தது ஒரு ஒயர் கூடை. பிலோமினா பின்னியது, மஞ்சளும் நீலமும் கட்டம் கட்டமாக. அதில்தான் அவனுடைய மதியச் சோறு. மைனஸ் ஒயரைக் கழற்றினான். கூடையின் கைப்பிடிக்குள் அந்த ஒயரை நுழைத்துச் சுற்றி, பிளாஸ்டிக் பட்டையால் ஒரு கட்டுக் கட்டி, கூடையை ரேடியேட்டர் மேல் உட்காரவைத்தான். பாட்டரியைத் தொட வேண்டும் என்றால் அந்தக் கூடையைக் கையில் தூக்கியாக வேண்டும். தூக்கினால் குழம்பு வாசனை வரும்.

"என்னாணா இது, பாட்டரிக்குப் படையலா?" என்றான் ஷபீர்.

"என் சோறு அங்க இருந்தா நான் உள்ள இருக்கறேன்னு அர்த்தம். இன்னொருத்தன் சோத்துல யாராவது கைய வெப்பாங்களா?"

"இன்னிக்கு என்னா கொழம்புன்னு பொறுத்து இருக்குது."

"கருவாடு."

"அப்ப ரொம்ப பாதுகாப்பு" என்று சொல்லிவிட்டுப் போனான் ஷபீர்.

பசவராஜ் முதலில் முகத்தைச் சுளித்தார், வண்டிக்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று. ஒரு வாரத்தில் அவரே, "கூடை இருக்கா பாரு, அப்புறம் தொடு" என்று சொல்ல ஆரம்பித்தார். ஒடிசாவிலிருந்து இரண்டு பேர் வேலைக்கு வந்தார்கள். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. கூடையைக் காட்டி, காருக்குள் காட்டி, தலையை ஆட்டினான் சவரி. புரிந்துவிட்டது. அந்த இருவரும் மறுநாள் தங்கள் டிபன் பாக்ஸை வைக்க ஆளுக்கொரு கூடை கேட்டார்கள். பிலோமினா பின்னிக் கொடுத்தாள், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறம். எனக்கு முழுச் சிவப்பு. இன்று பாகலூர் ரோட்டிலும் தளி ரோட்டிலும் பட்டறைகளில் பானெட்டுக்குள் ஒயர் கூடை தொங்குவதை நீங்கள் பார்க்கிறீர்கள். நிறையப் பேர் அதை ஏதோ சாஸ்திரம் என்று நினைத்துச் செய்கிறார்கள். அது சவரி எனக்காகச் செய்தது. படிக்கத் தெரியாத ஒரு ஆள் திரும்பவும் தப்புச் செய்துவிடக் கூடாது, அதே சமயம் அந்த ஆள் யார் என்று யாருக்கும் தெரிந்துவிடவும் கூடாது என்று செய்தது.

எனக்கு எழுத்துச் சொல்லித் தரட்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டான். வேண்டாம் என்றேன். அதற்கப்புறம் கேட்கவில்லை. ஆனால் வேறொன்று கொடுத்தான். ஓசூர்க் குளிர் உங்களுக்குத் தெரியும், மார்கழி, தை காலையில் சிலிண்டரில் கேஸ் அழுத்தம் இறங்கிவிடும், வண்டிக்குள் ஏறாது. நான் கேஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு டீக்கடை அடுப்புப் பக்கம் போனேன். எல்லோரும் செய்வதுதான், லேசாக அனலில் காட்டி எடுப்போம். சவரி பின்னாலேயே வந்து டப்பாவைப் பிடுங்கினான்.

"காது ஒண்ணு போனது போதாதா நம்ம பட்டறைக்கு? அனல்ல அடிச்சா அந்த கேஸு விஷமா மாறும், தெரியுமா உனக்கு? டப்பா வெடிச்சா அது வேற. வெயில்ல வை. எட்டு மணிக்கு மேல வெயிலு வரும்."

"வண்டிக்காரன் நிக்கிறான்பா."

"நிக்கட்டும். அவன் கம்பெனிக்கு லேட்டாப் போனா மேனேஜர் திட்டுவான். நீ லேட்டாப் போனா யாரும் திட்டமாட்டாங்க, மாலதான் போடுவாங்க."

மறுநாள் ஒரு பொட்டலம் கொடுத்தான். பிரித்தால் பக்கமெல்லாம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி. பவர் இல்லை. "படிக்கத்தான் உதவல, கண்ணக் காப்பாத்தவாவது ஒரு கண்ணாடி இருக்கட்டும். இனிமே கொண்டாரலன்னு சொல்லாத" என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்தான், நானும் சிரித்தேன். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் புரிந்த சிரிப்பு. அடுத்து வந்த வெயில் காலத்திலேயே ஒரு பழைய குழாய் வாயோடு பிய்த்துக்கொண்டு, கேஸ் நேராக என் முகத்தில் அடித்தது. கன்னத்தில் பனிக்கட்டி வைத்துத் தேய்த்தது மாதிரி தோல் வெளுத்து, பிறகு கொப்புளம் கண்டது. கண்ணாடிமேல் வெள்ளையாக உறைந்திருந்தது. அதற்குப் பின்னால் என் இரண்டு கண்ணும் பத்திரமாக இருந்தன. கன்னத்தில் இருக்கும் இந்தத் தழும்பு எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இத்தனை வருடத்தில் அவன் ஒரு தடவைகூட அந்த அட்டையைச் சொல்லிக் காட்டியதில்லை. சங்கக் கூட்டத்தில் யாராவது, "அட்டை மறந்த சவரி அண்ணன் வந்துட்டாரு" என்று கிண்டல் பண்ணினால், "ஆமா, என்ன மாதிரி மறந்துடாதீங்க" என்று அவனே சேர்ந்துகொள்வான். நான் பக்கத்தில் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருப்பேன். ஒரு தடவை கையைப் பிடித்து, "இன்னிக்குச் சொல்லிடட்டுமா" என்று கேட்டேன். "இப்ப என்னாத்துக்கு? காது திரும்ப வருமா?" என்றான். நானும் விட்டுவிட்டேன். விட்டுவிடச் சொன்னதில் எனக்குச் சந்தோஷம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாவுக்கு நாம் எல்லோரும் வேன் வைத்துப் போனோம். கோயிலில் பூசை முடிந்து கல்லறைக்குப் போகும் வழியில், நம் ஆள் ஒருவர், பேர் வேண்டாம், பிலோமினாவின் காதுபடவே சொன்னார்: "தங்கமான மனுசன். வாழ்க்கைல ஒரே ஒரு நாள் அஜாக்கிரதையா இருந்துட்டாரு, பாவம்." நல்ல மனசோடுதான் சொன்னார். பிலோமினா தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை என்னால் தாங்க முடியவில்லை.

எட்டாம் நாள் பஸ் ஏறித் தனியாகப் போனேன். பிலோமினா வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். அட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். சவரியின் எழுத்து அவளுக்குத் தெரியும். படித்தாள். எங்கே இருந்து இது என்பது போல என்னைப் பார்த்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். நடுவில் அவள் புளியை விடவில்லை. முடித்த பிறகுதான் பேசினாள்.

"ஒம்பது வருசமா அவரு வலது பக்கம் படுத்தவ நான். என்னா சொன்னாலும் கேக்காது. ரெண்டு தடவ, மூணு தடவ சொல்லணும். மூணாவது தடவ சொல்லும்போது கோவம் வரும். கவனமில்லாம போயி காதக் கெடுத்துக்கிட்டு வந்து என் உயிர எடுக்கறியேன்னு வாய்விட்டே சொல்லியிருக்கறேன். கேட்டுக்கிட்டு சும்மா இருப்பாரு. கேக்கலன்னு நெனச்சேன்."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"எனக்கு எதுக்குக் கும்புடறீங்க? உங்களத் திட்டறதுக்கும் மனசு வரல, அவரே திட்டலியே. ஆனா ஒண்ணு. எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா எப்பிடிண்ணா? அத்தன பேரும் அவர மறந்தவருன்னுதானே சொல்றாங்க. அத்தன பேர்கிட்டயும் சொல்லுங்க."

அட்டையை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் கொண்டுபோனேன். திருப்பிக் கொடுத்துவிட்டாள். "சொல்லி முடிக்கற வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும்" என்றாள். கிளம்பும்போது உடைத்த புளியில் கொஞ்சம் காகிதத்தில் கட்டிக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை எப்படி நடந்தேன் என்று எனக்குத் தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன். சவரி எனக்கு விட்டுப்போனது ஒரு பவர் இல்லாத கண்ணாடி, அது என் வீட்டு ஆணியில் தொங்குகிறது, நான் சாகும்வரை அங்கேதான் தொங்கும். ஒரு சிவப்புக் கூடை, அதில் இப்போது நான் கடைக்குப் போய் வருகிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஒரு தைரியம், அதை அவன் எப்போதோ கொடுத்தான், நான் எழுபது தாண்டிய பிறகு இப்போதுதான் எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். அட்டையை நம் சங்கத்து மேஜையில் வைக்கப் போகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் எடுத்துப் படியுங்கள். ஓரத்தில் அழுக்கு விரல் ரேகை இருக்கும், அது என்னுடையது. எழுத்து அவனுடையது. படித்தபின் அதைப் பிலோமினாவிடம் கொடுத்துவிட வேண்டும்.

யாராவது கேட்பீர்கள், இதற்கு வேறு சாட்சி உண்டா என்று. அன்றைக்குப் பட்டறையில் இருந்தவர்கள் நாலே பேர். பசவராஜ் கொரோனா இரண்டாம் அலையில் போய்விட்டார். ஷபீர் சூளகிரி தாண்டி ரோட்டில் அடிபட்டுப் போனான். சவரி போன மாதம் போனான். மிச்சம் உயிரோடு இருப்பவன், பாட்டரியைக் கொடுத்தவன். பேர் மாதப்பன்.